புகார் எதுவும் வரவில்லை

எங்கள் நிறுவனத்தில் மெயில் அனுப்புகிறவர்கள் அனுப்பிய கையோடு போன் செய்வார்கள். "சார், மெயில் போட்டிருக்கேன், பாத்துட்டீங்களா?" போனை எடுக்காவிட்டால், எடுக்கவில்லை என்று இன்னொரு மெயில் போட்டுவிட்டு அதற்கும் போன் செய்கிறவர்கள் உண்டு. பள்ளிகள், கல்லூரிகள், ஒரு மருத்துவமனை என்று மாவட்டம் முழுக்கப் பரந்து கிடக்கும் நிறுவனம். புதுக்கோட்டைத் தலைமை அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்துகொண்டு இந்தப் பழக்கத்தைக் கிண்டல் செய்தே பாதி வயதைக் கழித்துவிட்டேன். அதே பழக்கத்தை நம்பி ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டவனும் நான்தான்.

பழைய மெயில் சர்வர் வாரத்துக்கு இரண்டு முறை படுத்துக்கொண்டிருந்த காலம் அது. பெரிய நிறுவனங்களுக்கென்றே விற்கிற புதியதொன்றை வாங்க முடிவாகி, சோதித்துப் பார்த்து அறிக்கை தரும் வேலை என் தலையில் விழுந்தது. அஞ்சல் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா, பழையதைத் தேடினால் கிடைக்கிறதா, அழிந்ததை மீட்க முடிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். அதற்காகக் கிளைகளிலிருந்து கொஞ்சம் பேரை மூன்று மாதம் புதிய சர்வரில் வேலை செய்ய வைத்தோம். நான் எழுதிய முதல் பெயர் மீமிசல் பள்ளி எழுத்தருடையது.

அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. மேசையில் கோடு போட்ட நோட்டு ஒன்று எப்போதும் திறந்தே இருக்கும். வருகிறவர்கள் அதில் எழுத வேண்டும், அவரும் எழுதியே பதில் சொல்வார். உதட்டசைவைப் பார்த்தும் பாதியைப் புரிந்துகொள்வார். அலுவலக விஷயம் அத்தனையையும் மெயிலில்தான் முடிப்பார். ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம், மேலே தெளிவான தலைப்பு. எங்கள் நிறுவனத்தில் மெயிலை மெயிலாகப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான். நல்ல ஆளைப் பிடித்தோம் என்று எனக்குப் பெருமை வேறு.

அந்த வருடம் அவருக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. கணவர் வளைகுடாவில். மீமிசலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், மூன்று வயது நிரம்பாத மகளைக் கறம்பக்குடியில் அக்காவிடம் விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவார். கறம்பக்குடியிலுள்ள எங்கள் பள்ளியில் எழுத்தர் இடம் காலியாகப் போகிறது. இடமாறுதல் வருடத்துக்கு ஒரு முறை, மே மாதம். ஏப்ரல் முடிவதற்குள் நிர்வாகப் பிரிவுக்கு விண்ணப்பம் வர வேண்டும், அதுவும் இனி மெயிலில் மட்டும் என்று புதிதாக உத்தரவு போட்டிருந்தார்கள். புதிய சர்வரில் அவருக்குக் கணக்குத் திறந்து கொடுக்கப் போனபோது இதையெல்லாம் நோட்டில் எழுதிக் காட்டினார். 'இந்த வருடம் கிடைத்துவிடும்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். அதற்குக் கீழே, 'கண்டிப்பாக' என்று எழுதியது நான்.

புதிய சர்வர் கெடுபிடியானது. சந்தேகப்பட்ட மெயிலைத் தனிப் பெட்டியில் நிறுத்திவைக்கும். சர்வர் நிர்வாகி, அதாவது நான், பார்த்து விடுவித்தால்தான் போகும். போனில் எடுத்த சான்றிதழ் படங்களை இணைத்தால் நல்ல மெயிலைக்கூடப் பிடித்துக்கொள்ளும். "தெனமும் லிஸ்ட்டப் பாத்துருங்க சார்" என்று விற்க வந்தவர் சொன்னார். தலையாட்டினேன். ஆனால் யாருக்காவது மெயில் வரவில்லையென்றால்தான் உடனே போன் வந்துவிடுமே. "சார், நான் அனுப்புனது நிர்வாகப் பிரிவுக்கு வரலையாம்." அந்த ஒன்றை மட்டும் தேடி எடுத்து விடுவிப்பேன். முழுப் பட்டியலை ஒரு நாளும் திறக்கவில்லை. தலைக்கு மேல் வேலை என்று இப்போது சொல்லலாம். பொய். சோம்பல்தான். சோதனை முடிந்ததும், அஞ்சல் சேர்வதற்குப் பத்துக்குப் பத்து போட்டேன். பக்கத்தில், 'புகார் எதுவும் வரவில்லை' என்று குறிப்பும் எழுதினேன்.

மே மாதம் இடமாறுதல் பட்டியல் வந்து, கறம்பக்குடிக்கு வேறொருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வாரமே மீமிசல் எழுத்தர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். நோட்டைத் திறந்து நீட்டினார். 'ஏழு மெயில் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. என் விண்ணப்பத்தில் என்ன தவறு?'

படித்த உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. நிறுத்திவைத்த மெயில்களின் பட்டியலைத் திறந்தேன். ஏழும் அங்கேயே கிடந்தன. முதல் மெயிலைச் சர்வர் ஊனச் சான்றிதழ் படத்துக்காக நிறுத்தியிருக்கிறது. பதில் வராததால் அதையே அவர் திரும்பத் திரும்ப அனுப்ப, விளம்பரம் அனுப்புகிறவர் என்று முடிவுகட்டி, நிர்வாகப் பிரிவுக்கு அவர் அனுப்பிய எதையும் அதன்பின் விடவில்லை. அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று தன் பெயரை ஏழு முறை படித்தார்.

ஏழாவது மெயில் விண்ணப்பம் அல்ல, கடிதம். 'ஐயா, என் மகள் என் அக்காவை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறாள். வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. அவள் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்த வருடமே மாறுதல் கிடைத்தால் சரியாகிவிடும்.'

ஏழையும் அச்செடுத்துக்கொண்டு அவரை நிர்வாகப் பிரிவு மேலாளரிடம் அழைத்துப் போனேன். தவறு என்னுடையது என்று சொன்னேன். மேலாளர் கெட்டவர் இல்லை. நிதானமாகப் படித்துவிட்டு, நிஜமான வருத்தத்தோடு அவரைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, ஒரு போனப் போட்டுக் கேட்டிருக்கலாம்லம்மா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெண் அந்த உதட்டசைவையும் படித்துவிட்டார். மேலாளரைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆளு ஜாயின் பண்ணிட்டாருங்க. இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல. அடுத்த வருசம் மொத ஆளாப் போட்டுவிடுறேன்" என்றார் மேலாளர்.

வெளியே வந்ததும் நோட்டை வாங்கி, 'மன்னித்துவிடுங்கள்' என்று எழுதினேன். அவர் படித்தார். நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அறிக்கையைத் திருத்தித் தருகிறேன் என்று எங்கள் பிரிவுத் தலைவரிடம் கேட்டுப் பார்த்தேன். "ஒரு ஆளுக்காக மார்க்கக் கொறைப்பீங்களா? ஆர்டர் போயிருச்சுங்க" என்றார். வாங்கிவிட்டார்கள். அது நன்றாகத்தான் ஓடுகிறது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. இப்போது தினமும் காலையில் பட்டியலை வரி விடாமல் பார்க்கிறேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?

இந்த ஏப்ரலில் அவருடைய விண்ணப்பத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அனுப்புங்கள், நானே கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று இரண்டு முறை எழுதினேன். திறந்து படித்திருப்பது தெரிந்தது. பதில் இல்லை. கடைசி நாளன்று பொறுக்க முடியாமல் மீமிசல் தலைமையாசிரியருக்குப் போன் செய்தேன்.

"நானும் கேட்டேன் சார். வேணாம்னு எழுதிக் காட்டிட்டாங்க" என்றார். "ஞாயித்துக்கெழமகூட இப்ப அங்கிட்டுப் போறதில்ல. பிள்ளை இவங்களச் சித்தின்னு கூப்புடுதாம்."