பிரேக்குக்குள் தேங்காய் எண்ணெய்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஆறு வயது.

பெயரைப் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, என் கணவர் ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கினார். சிவப்பு டேங்க், ரேஸ் வண்டி மாதிரி சாய்வான சீட். கல்லூரிப் பையன்கள் வாயைப் பிளந்து பார்க்கும் வண்டி. முன்தலை வழுக்கையோடு உங்களுக்கு எதற்கு இது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும்.

வண்டியோடு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார். ஐந்நூறு கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டக் கூடாது, அதன் பிறகு முதல் சர்வீஸ் என்று எங்களுக்கும் ஒப்பித்தார். தினமும் காலையில் டயரை அமுக்கிப் பார்ப்பார், செயினைத் தூக்கிப் பார்ப்பார். மகள் விரல் வைத்தால்கூட உடனே லுங்கி நுனியால் துடைத்துவிடுவார். நாங்கள் தொடவே கூடாது.

அவ்வளவு அழகான வண்டிக்கு ஒரே குறை, பிரேக் பிடித்தால் 'கீச்' என்று சத்தம் போட்டது. வண்டி தெருமுனைக்கு வருவது அடுப்படியில் எனக்குக் கேட்கும். முதல் சர்வீசில் சொல்ல வேண்டும் என்று அவர் தினமும் புலம்பினார்.

தையல்காரிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே? சத்தம் வந்தால் எண்ணெய் விட வேண்டும். என் மெஷினில் எத்தனை ஓட்டை உண்டோ அத்தனையும் எண்ணெய் விடத்தான். ஒரு மதியம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மெஷின் எண்ணெய் தீர்ந்துபோயிருந்ததால் கேனில் தேங்காய் எண்ணெயை நிரப்பியிருந்தேன். சக்கரத்தின் நடுவில், சுற்றுகிற பாகமும் சுற்றாத பாகமும் சேரும் இடுக்கில் கேனின் மூக்கை நுழைத்து, சக்கரத்தை உருட்டி உருட்டித் தாராளமாக விட்டேன். முன்சக்கரத்தோடு நிறுத்தாமல் பின்சக்கரத்துக்கும் விட்டேன்.

மறுநாள் சத்தம் போயே போய்விட்டது. "பாத்தியா, ஓட ஓடத் தானா செட் ஆயிடுச்சி" என்று மார்தட்டிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. அடுத்த நாள் பிரேக் கொஞ்சம் லேசாக இருக்கிறது என்றார். கம்பி தளர்ந்திருக்கும், சர்வீசில் சரி செய்துவிடுவார்கள் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை முதல் சர்வீசுக்குக் கிளம்பினோம். மகள் டேங்கின் மேல், நான் பின்னால். கடலைப் பார்க்க வேண்டும் என்று மகள் அடம்பிடித்ததால் வைத்திக்குப்பம் வழியாகப் போனார். அங்கே ஒரு சந்திலிருந்து மீன் கூடையோடு ஒரு அம்மா திடீரென்று குறுக்கே வந்துவிட்டார். என் கணவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போவதுபோல் போய்க்கொண்டே இருந்தது. அவர் ஹேண்டில்பாரை ஒடித்து, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டியை ஏற்றினார். மூன்று பேரும் மணலில் விழுந்தோம்.

மகள் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு அழுதாள். அந்த அழுகைச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. "புள்ளய வெச்சிகினு இப்டியாய்யா வருவ!" என்று கத்திய அந்த அம்மாதான், கூடையை இறக்கிவிட்டு மகளின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

என் கணவரின் பயமெல்லாம் கோபமாக மாறிவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டே, அதை வாங்கிய கடையின் சர்வீசுக்குப் போனார்; நானும் மகளும் பின்னால் நடந்தோம். போனதும் தாம்தூம் என்று குதித்தார். கடை முதலாளி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கண்டிப்பான மனிதர்; ஐயா என்பதற்குப் பதில் 'முசே' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் கூப்பிட்டதும் ஒரு மெக்கானிக் வந்தார். முப்பது வயது இருக்கும். மில் வேலை போய், ஆறு மாதத்துக்கு முன்தான் இங்கே சேர்ந்தவராம். வாங்கிய அன்று எங்கள் வண்டியைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது அவர்தான்.

அவர் முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே எல்லாம் பளபளவென்று எண்ணெய். விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"சார், இது நாங்க போடற கிரீஸ் இல்ல. தேங்கா எண்ண."

"பின்ன, நான் வண்டிக்கு எண்ண தேச்சி தலை வாரி உட்டேனா? என் வண்டிய ஒருத்தரும் தொட்டது கெடையாது!" என்று என் கணவர் பாய்ந்தார்.

என்னை அறியாமல் கை வாய்க்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மெக்கானிக் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்துவிட்டது. இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ தலையைக் குனிந்துகொண்டு துணியில் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"செக் பண்ணது நீதான? ஒரு குடும்பமே போயிருக்கும். நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார் முதலாளி.

"சரிங்க முசே" என்றார் அவர். அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கும் என்னைக் கை காட்ட ஒரு நொடி போதும். காட்டவில்லை. இவ்வளவு கோபத்தில் இருக்கும் புருஷனிடம், நாலு பேர் முன்னால், ஒரு பெண் பிள்ளையை மாட்டிவிட அவருக்கு மனசு வரவில்லை. நானோ என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, ஒருவர் பிழைப்புப் போவதைப் பார்த்துக்கொண்டு கல்லாக நின்றேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

அவர் தன் சாமான்களைப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அவரு மேல தப்பு இல்லீங்க. நான்தான் எண்ண உட்டேன். சத்தம் வருதேன்னு உட்டேன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். அடிதான் விழும் என்று நினைத்தேன். அவர் அப்படியே பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி மெக்கானிக் அருகில் போய், எல்லோர் முன்னாலும், "பர்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். பிறகு பெட்டியைக் காட்டி, "எல்லாத்தையும் வெளிய எடு, வேலய பாரு" என்றார். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அழுதுவிட்டேன்.

இரண்டு சக்கரத்துக்கும் புது பிரேக் ஷூ மாட்டினார்கள். அந்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு, "எண்ண போடற எடம் செயின்தாம்மா. பிரேக்குல ஒரு சொட்டு பட்டாலும் வண்டி நிக்காது" என்று காட்டினார். குரலில் துளிகூடக் குத்தல் இல்லை. வண்டியை ஓட்டிப் பார்த்து, வாசலில் டக்கென்று நிறுத்தினார். கிளம்பும்போது என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் என் கணவர், "ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டார். "நீங்க கத்துனீங்க, பயந்துட்டேன்" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு அவர் கோபப்பட்டதே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் குரல் உயரும்போது பாதியிலேயே நிறுத்திக்கொள்ளப் பழகினார்.

இன்று என்னிடம் நாலு பெண்கள் தையல் வேலை பார்க்கிறார்கள். துணி பாழானால் எனக்கும் சுர்ரென்று கோபம் வரும். ஆனால் யார் வெட்டியது என்று எல்லோர் முன்னாலும் நான் கேட்டதில்லை; அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்துகொண்ட அந்த மனிதருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான்.