ஆனை அறுத்துக்கொண்டு ஓடிய தேதி

பணிப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியைத் திருத்தக் கோரும் மனுவுக்கு, மனுதாரர் ஓய்வு பெறுவதற்கு முன்பே பதில் அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் மேற்கோள் காட்டிய விதிகளில் இதைவிட அழகானது இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் என் அலமாரியில் இருக்கும் நீல அட்டை நோட்டைப் புரட்டிப் பார்ப்பேன். அது எங்கள் தலைமை குமாஸ்தாவுடையது. தேதிக்கு ஒரு பக்கம். அந்தத் தேதியில் யார் பிறந்தார், உலகத்தில் என்ன நடந்தது என்று பொடி எழுத்தில் குறிப்புகள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் திருச்சிக்கு வருவார். அமெரிக்காவில் அடிமைகளை விடுவித்த ஜனாதிபதியும், உயிர்களின் பரிணாமத்தை எழுதிய ஆங்கில விஞ்ஞானியும் ஒரே வருஷம் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று கண்டுபிடித்த அன்று, காலைத் தபாலைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார். அவர் தபாலைக் காக்க வைத்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

ஜூலை முதல் தேதிப் பக்கத்தில் மட்டும் எங்கள் பெயர்கள். பிரிவில் இருந்த பதினோரு பேரில் ஏழு பேர் அன்றைக்குப் பிறந்தவர்கள். வீட்டில் நட்சத்திரம் மட்டும்தான் தெரியும் என்றால், பள்ளிக்கூடத்து வாத்தியார் கூசாமல் எழுதிக்கொள்ளும் தேதி அது. வயதையும் பரீட்சைக்குத் தோதாகக் கூட்டிக்கொள்வார். அந்த ஏழு பேரில் தலைமை குமாஸ்தாவும் ஒருவர்.

ஓய்வு வயதான ஐம்பத்தைந்து நெருங்கியபோதுதான் நோட்டின் காரணம் தெரிந்தது. அவர் பிறந்த அன்று கோயில் ஆனை சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, சித்திரை வீதியில் ஒரு பானைக்காரியின் கடையை மிதித்துவிட்டதாம். மாசி மாதம் என்று அம்மா சொல்லியிருந்தாள்; பதிவேட்டு ஜூலைக்கு எட்டு மாதம் பின்னால். அந்தத் தேதியைத் தேடித்தான் பழைய பத்திரிகைகளைப் புரட்டியிருக்கிறார். வழியில் அகப்பட்ட ராஜாக்களையும் கப்பல் விபத்துகளையும் எழுதி வைத்திருக்கிறார். ஆனை மட்டும் அகப்படவில்லை.

"உலகத்துல எல்லாரும் ஏதோ ஒரு நாள்ல பொறந்திருக்கா. நான் வாத்தியார் சொன்ன நாள்ல பொறந்திருக்கேன். எட்டு மாசம், ஓய். அது என்னோடது" என்றார் என்னிடம்.

அம்மாவின் வாய்ச்சொல் மட்டும் சாட்சியம் ஆகாது. ஆகவே நான் பானைக்காரியைத் தேடினேன். ஓர் அலுவலகத்தின் பதிவறையில், எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, அவள் கைநாட்டு வைத்த புகார் இருந்தது. 1884 பிப்ரவரி 21. நேற்று என்றோ முந்தாநாள் என்றோ இல்லை. "இன்று காலை" என்றே எழுதியிருந்தது. அத்தனை வருஷம் அந்தக் காகிதம் பிழைத்திருந்ததற்குக் காரணம் எளிது. முடிவு எடுத்த கோப்பைத்தான் அழிக்கலாம். பானைக்காரிக்கு யாரும் பதிலே போடவில்லை.

"பானைக்காரி மனு கெடச்சிருச்சுங்க சார்" என்றேன். நகலை இரண்டு தடவை படித்தார்.

"ஆனை ஓடினது வாஸ்தவம்னா, நான் பொறந்ததும் வாஸ்தவம்தானே?"

அம்மாவின் வாக்கைக் கேட்டிருந்த முதிய உறவினர் ஒருவர் பிரமாணம் எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் இணைத்து, உரிய வழியாக, ஓய்வுக்கு ஐந்து மாதம் முன்பே மனு போனது. மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். 1938 ஜூலை முதல் தேதி அவருக்கு மாலை போட்டோம். நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, மற்ற ஆறு பேருக்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பதில் ஒரு காலைத் தபாலில் வந்தது. சாட்சியம் ஏற்கப்பட்டது, தேதி திருத்தப்பட்டது, மனுதாரர் தம் மெய்யான ஐம்பத்தைந்தாம் பிறந்தநாள் வரை பணியில் நீடிக்கலாம். எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு ஓடினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"பானைக்காரியைவிட நான் அதிர்ஷ்டசாலி, ஓய்."

ஆனை ஓடிய தேதியின் பக்கம் இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது. ஆனை ஓடியது. பானைகள் உடைந்தன. நான் பிறந்தேன். அதற்குக் கீழே, மை சற்றுப் புதிதாக, நாலாவது வரி: பதில் வந்தது, 1939 பிப்ரவரி 21.