பஞ்சு தொட்ட இடம்

அறுபதுகளில் பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர்கள் நாங்கள். களப்பயிற்சிக்காகச் செஞ்சிப் பயணியர் விடுதியில் தங்கியிருந்தோம். வேலை, வல்லம் பக்கத்தில் தொழுநோய்க் கணக்கெடுப்பு. படித்து முடித்து என்ன ஆவது என்பதுதான் எங்கள் சாப்பாட்டுப் பேச்சு. என் அறைத்தோழனுக்கு ஜீப்போடு ஒரு ஜில்லா அதிகாரி வேலை போதும். எனக்கு லண்டனில் ஆராய்ச்சி. பேராசிரியரும் என்னையே சிபாரிசு செய்திருந்தார். செஞ்சி வெயிலில் குளிருக்குக் கோட்டுத் துணி விசாரித்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊருக்குள் போகுமுன் எங்களுக்குள்ளேயே சோதித்துப் பழகினோம். கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு நுனி படும் இடத்தில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். தேமல் மரத்திருந்தால் நோய். அறைத்தோழன் என் முழங்கைப் பின்புறத்துக்குப் போனான்.

"சீக்கிரம் தொட்றா, தூக்கம் வருது" என்றேன்.

"இத்தோட மூணு வாட்டி தொட்டுட்டேன்டா."

எல்லோரும் சிரித்தார்கள். முந்தின வாரம்தான் செத்தவன்போல் படுத்து, நாடி பார்க்க வந்தவனை அலற வைத்திருந்தேன்.

"நடிக்காத!" என்று குண்டூசியால் குத்தினானாம்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றேன். சிரிப்பு நின்றது. என் எந்த ஜோக்குக்கும் அப்படி ஓர் அமைதி கிடைத்ததில்லை.

பேராசிரியர் வந்து கையைத் திருப்பினார். மங்கலாகத் தேமல்.

"இதை நீ பாக்கவே இல்லையா?"

"அந்தப் பக்கம் எனக்குக் கண் இல்லையே சார்."

அவர் சிரிக்கவில்லை. "மாத்திரைல சரியாயிடும். வேலைக்குத் தடையில்ல. ஆனா லண்டன்காரன் மெடிக்கல் சர்டிபிகேட் கேப்பான்."

மறுநாள் கணக்கெடுப்புக்கு நானும் போனேன். வல்லத்தில் ஒரு கடலைக்கொல்லைக்காரர், பஞ்சு பட்டதும் நெளிந்தார். "கூசுது சார்! இன்னா வெளையாட்டு இது?" அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அதுவும் வரவில்லை. "ஒண்ணுமில்ல, போங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் பேராசிரியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லண்டனுக்கு என் அறைத்தோழன் பெயரை எழுதலாமா என்று என்னையே கேட்டார். எதிரே அவன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"எழுதுங்க சார். அங்க ஜீப் குடுப்பாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லிடுங்க, இல்லன்னா போக மாட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. உள்ளே ஏதாவது வலிக்கிறதா என்று சற்று நேரம் பார்த்தேன். பிறகு, இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டேன்.