கதிரையின் மேல் ஒரு கை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். மிச்சத்தைக் கொட்டாஞ்சேனைத் தியேட்டர்களின் மலிவுக் கலரியில் படம் பார்த்துப் படித்தேன். திரை முழுக்க முகம் வந்தால் கதாநாயகி அழப்போகிறாள். தூரத்தில் சின்னதாக நின்றால் அவளுக்கு யாருமில்லை. இவ்வளவுதான் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், தெமட்டகொடையில் லொறி கழுவினேன். பிறகு ஒரு வீடியோக் கடையில் என் தோளில் கமராவை வைத்தார்கள்.

சண்டையில் யாழ்ப்பாணத்துப் பாதை மூடிக்கிடந்த காலம். வெளிநாட்டு மாப்பிள்ளைகள் கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து தாலி கட்டிவிட்டுப் போவார்கள். பெண்ணுக்கு விசா எடுக்க, கலியாணம் உண்மை என்பதற்குச் சாட்சியாக வீடியோ கசெற்றையும் தூதரகத்தில் கொடுப்பார்கள்.

அப்படியொரு கலியாணம் நடந்த மண்டபம் கடலோரத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் குத்துவிளக்குச் சுடர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. வரிசை வரிசையாகக் கதிரைகள். வந்தவர்கள் இருபது பேர் இருக்கும். சொந்தமெல்லாம் வடக்கில் அகப்பட்டிருந்தது, பெண்ணின் தகப்பனும்தான்.

பெண்ணின் தாய் என் காதருகே வந்தார்.

"தம்பி, வெறுங்கதிரையள் விழாமல் எடுங்கோ. மாப்பிள்ளை வீட்டாக்கள் அங்க போட்டுப் பாத்துச் சிரிப்பினம்."

"ஓம் அம்மா, கிட்டவாவே எடுக்கிறன்."

அப்படியே எடுத்தேன். மஞ்சள் கயிறு, மருதாணி விரல், லைற் சூட்டில் மூக்கு நுனியில் நின்ற ஒரு துளி வியர்வை. கமராக் கண்ணாடிக்குள் பார்க்கப் பார்க்க, உலகத்தில் அந்த முகங்களைத் தவிர வேறொன்றுமே இல்லாததுபோல் இருந்தது.

மூன்று மாதம் கழித்துப் பெண் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, நீங்கள் கலியாணம் எடுத்தனீங்களோ, பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தனீங்களோ? சனம் எங்க எண்டு எம்பசியில கேக்கினம். ஸ்ரூடியோவில நடிச்சது எண்டு நினைக்கினம். திங்கட்கிழமை திரும்ப வரட்டாம். அதோட முடிவாம்."

வெட்டித் தொகுக்காத மூலக் கசெற்றைத் தேடியெடுத்து டெக்கில் போட்டேன். கடைசியில் ஒரு துண்டு கிடந்தது. சாப்பிடப் போனபோது கமராவை நிறுத்த மறந்து, மேடையோரத்தில் ஸ்ராண்டிலேயே விட்டிருக்கிறேன். மண்டபம் முழுவதும் தெரிந்தது. கதிரைகள், கதிரைகள், கதவுக்கு அப்பால் கடல். முன்வரிசையில் தாய் தனியே இருந்தார். ஒரு கை பக்கத்துக் கதிரையின் முதுகில். கதிரை அடுக்க வந்தவன் அதைத் தூக்கப் பார்க்கிறான். அவர் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டுகிறார். அவன் போன பிறகும் கையை எடுக்கவில்லை.

பெண் திரையில் விரலை வைத்தாள். "அது அப்பான்ர கதிரை," என்றாள். "இதை வெட்டாமல் போட்டுத் தாங்கோ. அம்மாக்குச் சொல்லாதேங்கோ."

திங்கட்கிழமை அந்தத் துண்டை இரண்டு தரம் போட்டுப் பார்த்தார்களாம். யாருடைய கதிரை என்று மட்டும் கேட்டார்களாம். விசா கிடைத்தது.

பயணத்துக்கு முந்தின நாள் தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். தாய் ஏசுவார் என்று நினைத்தேன். அந்தத் துண்டைப் போடச் சொன்னார். ரீவிக்கு முன்னால் நின்றபடியே பார்த்தார்.

"உது நானே? இவ்வளவு சின்னனா இருக்கிறன்."

திரைப்பக்கம் குனிந்து கேட்டார்: "தம்பி, அந்தக் கைக்கு மட்டும் கிட்டப் போகேலாதோ?"

எடுத்து முடிந்த கசெற்றில் கிட்டப் போக முடியாது என்றேன். சரி, திருப்பிப் போடுங்கோ என்றார்.