வண்டிக்கு ஒரு மூக்குத்துணி

மூன்று வாரத்துக்கு முன்னால், சுசீந்திரம் தாண்டியதும் என் மோட்டார் சைக்கிள் புகையாய்க் கக்கியது. அப்புறம் முக்கியது, முனகியது, நின்றுவிட்டது. பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... அந்தப் பார்வைக்காகவே வண்டியை விற்றுவிடலாம் போலிருந்தது.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் வண்டியைத் தெரியும். உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிய சரக்கு. இருபது உதை உதைத்தால்தான் உயிர் வரும்.

ஒரு லாரிக்காரரைக் கெஞ்சி ஏற்றி, வடசேரி மெக்கானிக் தாசனிடம் கொண்டு சேர்த்தேன். தாசன் பட்டாளத்தில் லாரி ரிப்பேர் பார்த்தவர். எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டனை வெளியே எடுத்தார். மேலும் கீழும் கோடு கோடாய்க் கீறல். அதன்மேல் சாம்பல் நிறத்தில் பசைபோல ஏதோ ஒன்று. விரலில் தொட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்ன சார் இது? அம்மி கொத்துத எடத்துலயா வண்டியக் கொண்டு நிறுத்துதீரு?"

"ரோட்டுப் புழுதியா இருக்கும்."

"ரோட்டுப் புழுதின்னா செவப்பால்லா இருக்கும்? இது கல்லுப்பொடி."

மாட்டிக்கொண்டேன். என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது மயிலாடியில். அத்தான் சிலை கொத்துகிறவர். ஞாயிறு தவறாமல் போவேன். போனால் எஞ்சினை அணைப்பதில்லை – அணைத்தால் மறுபடியும் இருபது உதை யார் உதைப்பது? பட்டறைச் சாய்ப்புக் கூரையின் ஓரத்தில் ஓடவிட்டபடியே நிறுத்திவிட்டு, கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு வருவேன். பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

"அந்தப் பத்து நிமிஷத்துல இழுத்ததுதான் சார் இது. ஏர் கிளீனர் ஒண்ணு போட்டிருவோம்" என்று, ஏதோ பழைய லாரியில் கழற்றிய வட்ட டப்பா ஒன்றைத் தேடி எடுத்தார். உள்ளே எண்ணெய் தடவிய கம்பி வலை. தூசி அதில் ஒட்டிக்கொள்ளுமாம். காற்று மட்டும் உள்ளே போகுமாம்.

எனக்கு மனசில்லை. வண்டி செய்தவன் வைக்காததை நாம் ஏன் வைக்க வேண்டும்? காற்றை மறித்தால் வேகம் குறையாதா? தோவாளைப் பக்கம் பஸ்ஸை முந்துகிற சுகம் என்ன ஆவது? எல்லாவற்றையும் கேட்டேன்.

"கொறையும். கொஞ்சம் கொறையும்" என்றார் தாசன். "வேகமா ஓடிச் சீக்கிரம் சாகணுமா, பைய ஓடி நெறைய நாள் ஓடணுமா? நீரே சொல்லும்."

அவர் கேட்டது வண்டியைப் பற்றி. மனசு வேறெங்கோ போய்விட்டது. வண்டி வாரத்துக்குப் பத்து நிமிஷம் நின்றது. இரண்டு வருஷத்தில் இரும்புக்கே இந்தக் கதி. அத்தான் அதே சாய்ப்பில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை... இருபத்தைந்து வருஷமாக!

ஆறு மாசமாக அத்தானுக்கு இருமல். நாகர்கோவில் டாக்டர் பார்த்துவிட்டு, "கல் வேலையை விட்டுவிடுங்கள்" என்றார். அத்தான் அன்றோடு டாக்டரை விட்டுவிட்டார். அக்கா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் எடுத்துவிட்டுப் பயமுறுத்திப் பார்த்தேன்.

"சவத்த விடு மக்கா. உளியத் தூரப் போட்டுட்டு நான் வேற என்ன செய்ய?" என்பார்.

"போடும்" என்றேன் தாசனிடம். பழைய பிஸ்டனைத் துடைக்காமல் அப்படியே பேப்பரில் சுற்றித் தரச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது அத்தான் ஒரு நந்திக்குக் காது கொத்திக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்துக் கையில் வைத்தேன். "அத்தான், இங்க வாரத்துக்குப் பத்து நிமிஷம் நிறுத்துனதுக்கு இது." அதற்குமேல் ஒரு வார்த்தை புத்திமதி சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அவர் கட்டைவிரலால் அந்தக் கீறல்களைத் தடவினார். கல்லைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சிலைக்கு மினுமினுப்பு ஏற்றுகிறவர். அந்தப் பொடி எதை எவ்வளவு அரிக்கும் என்பது எந்த டாக்டரையும்விட அவர் கைக்குத் தெரியும். ரொம்ப நேரம் தடவினார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"வண்டிய இனி ஓட்டாதேன்னா சொன்னாரு மெக்கானிக்?"

"இல்ல அத்தான். மூக்க மூடிட்டு ஓட்டச் சொன்னாரு."

"அத அந்த டாக்டரும் சொல்லியிருக்கலாம்லா?"

எழுந்து போனார். கொடியில் கிடந்த துவர்த்துத் துண்டைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். ஒரு செம்புத் தண்ணீரை நந்தியின் காதில் ஊற்றினார். ஈரக் கல்லில் உளி விழுந்தபோது பொடி பறக்கவில்லை.

பக்கத்தில் கொத்திக்கொண்டிருந்தவர் சிரித்தார். "என்ன ஓய், கொள்ளையடிக்கப் போறீரா?"

துணிக்குள்ளிருந்து அத்தான் என்னவோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது.

நம் ஆட்களிடம் ஒன்றை விடச் சொன்னால் காதில் ஏறாது. பீடியை விடு, காப்பியை விடு, வேலையை விடு... நாம் விடுவது சொன்ன ஆளைத்தான். செய்கிறதையே கொஞ்சம் மாற்றிச் செய்யச் சொல்லுங்கள் – யோசித்தாவது பார்ப்போம். எனக்கும் இது வண்டியைப் பிரித்த பிறகுதான் விளங்கியது.

டப்பா மாட்டிய வண்டி எப்படி என்கிறீர்களா? மேட்டில் திணறுகிறது. பஸ்தான் என்னை முந்துகிறது. ஆனால் புகை இல்லை.

நேற்றும் மயிலாடி போயிருந்தேன். அத்தானின் இருமல் போகவில்லை. பதினைந்து நாளில் போகிற இருமலா அது? ஆனால் டாக்டரிடம் வரச் சம்மதித்துவிட்டார். "வேலைய விடச் சொல்லப்படாது. அத மொதல்ல அவருட்ட சொல்லிரு" என்று ஒரு நிபந்தனை. சொல்லிவிடுகிறேன் என்றேன்.

கிளம்பும்போது அக்கா கூப்பிட்டாள். "லே மக்கா, இத ஒண்ணு பாத்துட்டுப் போ."

அத்தானின் துண்டை அலசிய வாளி. தண்ணீர் சாம்பல் கரைத்த மாதிரி இருந்தது.

"ஒரு நாளத்துப் பொடிலே இது. அம்புட்டும் வெளியவே நின்னுட்டு" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அழுக்குத் தண்ணீரைப் பார்த்து என் ஆயுசில் நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.