எதிர்ப்பக்கம் உட்கார்ந்த பிள்ளை

சாராள் அக்கா போய் நாற்பது நாளாகிறது. அவள் புடவைகளில் இன்னும் ஏலக்காய் வாசம் போகவில்லை.

போடியில் எங்கள் அப்பாவின் ஏலக்காய்க் கடைக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை. காய்க் குவியலைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து பெண்கள் தரம் பிரிப்பார்கள். ஐம்பத்து நான்கில், பள்ளி விட்டதும் அவர்களுடைய பிள்ளைகளும் அங்கேதான் வருவார்கள். அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. யாரும் கேட்காமலே அவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாள். மதுரையில் படித்துக்கொண்டிருந்த நானும் விடுமுறையில் சேர்ந்துகொள்வேன். இருந்தது ஒரே ஒரு புத்தகம். அதைத் தரையில் நடுவே வைத்து, தாய்மார்களைப் போலவே பிள்ளைகளும் சுற்றி உட்காருவார்கள். குரங்கணி மலைப் பக்கமிருந்து பனி இறங்கி வாசலில் நிற்கும். காய் விழும் சத்தமும் பிள்ளைகளின் குரலும் கலந்து, எங்கோ தூரத்தில் மழை பெய்வது போலிருக்கும்.

வேலுத்தாய்க்கு ஏழு வயது. தன் அம்மா சோலையம்மாளின் முதுகில் சாய்ந்துகொண்டு, அக்காவுக்கு நேர் எதிரேதான் எப்போதும் உட்காருவாள்.

ஒருநாள் சோலையம்மாள் சொன்னாள்: "இவளுக்கு ஒரு எழுத்தும் தெரியலைன்னு வாத்தியாரு சொல்றாரு ஆத்தா. நாளைக்கு எங்கக்கா மலைக்குப் போறா. கூட அனுப்பிர்றேன். அங்கன கைப்புள்ளையாச்சும் பாத்துக்கிருவா."

"இங்கே நல்லா வாசிக்கிறாளே, அக்கா!" என்றாள் சாராள் அக்கா அவளிடம்.

"மத்த புள்ளைக சொல்றதைக் கேட்டுக் கிளியாட்டம் சொல்றா" என்றாள் பக்கத்திலிருந்த அய்யம்மாள். "கிளியாச்சும் சீட்டு எடுக்கும்."

அக்கா வேலுத்தாயை மடியில் வைத்து, இதுவரை நடத்தாத கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். பிள்ளை வாயே திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் சொட்டியது.

"போதும் ஆத்தா. எந்திரிடி" என்றாள் சோலையம்மாள்.

விசும்பிக்கொண்டே வேலுத்தாய் தன் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பார்வை, அக்காவின் முன்னால் திறந்திருந்த புத்தகத்தில் விழுந்தது. விரல் தானாக நீண்டது. "மாடு... மேட்டில்... ஏறியது."

காய் விழும் சத்தம் நின்றது.

"அடுத்த வரி?" என்றாள் அக்கா.

"மழை... வந்தது."

அக்கா எழுந்துபோய் வேலுத்தாயின் அருகில் உட்கார்ந்து, அந்தப் பக்கமிருந்து புத்தகத்தைப் பார்த்தாள். எழுத்தெல்லாம் தலைகீழாக நின்றது.

"தப்பு என்னோடது அக்கா. ஒருநாள்கூட இவ பக்கம் வந்து உக்காந்து பாக்கலையே நான். இவளுக்கு எழுத்து எல்லாம் தெரியுது, தலைகீழாத் தெரியுது."

"வவ்வாலு அப்படித்தான் தொங்குது. அதுக்கு என்ன கொறச்சல்?" என்றாள் அய்யம்மாள். எல்லாரும் சிரித்தார்கள்.

சோலையம்மாள் சிரிக்கவில்லை. எது தலை, எது கால் என்று அவளுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"திருப்பிரலாமா ஆத்தா?"

"பத்து நாள் குடுங்க."

மறுநாள் விடியலில் சோலையம்மாளின் அக்கா தனியாகத்தான் மலையேறினாள்.

அன்று சாயங்காலம் அக்கா வேலுத்தாயின் பக்கத்திலேயே உட்கார்ந்து, புத்தகத்தை ஒரு விரற்கடை அளவு திருப்பி வைத்தாள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பிள்ளையின் தலையும் கூடவே சாய்ந்து சாய்ந்து திரும்பியது. பத்தாம் நாள், எழுத்துகள் அவளுக்கு நேராக வந்து நின்றன. அவள் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனாள். தினமும் முதுகைக் கொடுத்தபடி காய் பொறுக்கும் சோலையம்மாள், பிள்ளையின் வாசிப்பு நின்றுவிடுமோ என்று அன்று அசையவே இல்லை.