மலைப்பக்கம், கடல்பக்கம்

கோபே நகரத்தின் மத்திய வட்டத்தைப் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னிடம் கேட்கலாம். காஞ்சிபுரத்தில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ஜப்பான் துறைமுகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். என் மகள் அங்கே ஓர் அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து இதைப் படிப்பதுதான் என் வேலை. நெசவெல்லாம் அப்புறம்தான்.

வடக்கே மலை, தெற்கே கடல், நடுவே முந்தானை அகலத்துக்கு ஊர். அங்கே இருப்பவர்கள் வடக்கு, தெற்கு என்று வழி சொல்ல மாட்டார்களாம். மலைப்பக்கம், கடல்பக்கம், அவ்வளவுதான். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்நியக் கப்பல்களுக்குத் துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள். வந்த வெள்ளைக்காரர்கள் மலைச்சரிவில் மாடி வீடு கட்டிக்கொண்டார்கள். இன்று அவற்றைப் பார்க்க டிக்கெட். துணி வியாபாரத்துக்கு நம் நாட்டுக்காரர்களும் போனார்கள், எங்கள் வீட்டுக்குத்தான் யாரும் சொல்லி அனுப்பவில்லை. இடம் போதாமல் மலையை வெட்டிக் கடலில் கொட்டி ஒரு தீவே செய்தார்கள். எங்கள் தெருமுனைப் பள்ளத்துக்கு ஒரு கூடை மண் வருவதற்குள் என் மகள் பள்ளிக்கூடமே முடித்துவிட்டாள். ஒரு குளிர்கால விடியலில் நிலநடுக்கம் வந்து ஊரைப் புரட்டிப் போட்டதாம். அதைப் படித்த அன்று மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இவ்வளவு பெரிய அறிவாளி சும்மா இருப்பானா? மகளின் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு பழைய கோயில் இருப்பதை செல்போன் வரைபடத்தில் கண்டுபிடித்தேன். எங்கள் ஊர்க்காரன் வழி சொன்னால் கோயிலிலிருந்துதான் ஆரம்பிப்பான். சாமியை இடப்பக்கம் விட்டுப் போகாதே, வலது கைப் பக்கம் வைத்துச் சுற்றிப் போ என்றேன். அவளும் போனாள். ஐந்து நிமிஷ நடை கால் மணி நேரமானது. முதல் வாரம் முழுக்கத் தாமதமாகப் போய் மேலதிகாரியிடம் பேச்சு வாங்கினாள். ஜப்பானில் தாமதமாகப் போவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை மட்டும் நான் படித்திருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அழைத்தாள். பல மாதமாக அறைக்குள்ளிருந்தே பேசிக்கொண்டிருந்தவள் அன்று தெருவில் நின்றாள். பின்னால் கண்ணுக்கெட்டிய வரை நெல் வயல். போனை ஒரு சுற்று சுற்றிக் காட்டச் சொன்னேன். மலையும் இல்லை, கடலும் இல்லை. மத்திய வட்டத்தில் வயலே கிடையாது என்று அங்கே குடியிருப்பவளுக்கே பாடம் எடுத்தேன்.

அவள் போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

“வேற ஊருக்கு மாத்திட்டாங்கப்பா. ஆறு மாசம் ஆவுது.”

பக்கத்தில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தவே இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் ஜப்பானைக் கரைத்துக் குடித்தவன் நான்; மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாதவனும் நான்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அந்த ஊரு மலை, கடலு எல்லாத்தையும் உக்காந்து படிச்சிக்கினு இருந்தியேப்பா. எப்படி சொல்றது?”

கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. அவள் இல்லாத ஊரின் மழையைச் செல்போனில் பார்த்து ஆறு மாதமாகக் குடை எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். அவளும் ஒவ்வொரு முறையும் சரிப்பா என்றிருக்கிறாள்.

வேறென்ன கேட்பதென்று தெரியாமல், மலையும் கடலும் இல்லாத ஊரில் எப்படி வழி தெரிகிறது என்று கேட்டேன்.

“வூட்டாண்ட சின்னதா ஒரு கோயில் இருக்குதுப்பா,” என்றாள். “வலது கை பக்கம் வெச்சி சுத்திக்கினுதான் வேலைக்குப் போறேன். அதுக்குன்னே பத்து நிமிஷம் முன்னாடி கெளம்பிடுவேன்.”